உதட்டோரம் ஒரு வெள்ளைக் கோடு: வளர்ப்புப் பாம்பின் வாய்த்தொற்றைக் கண்டுகொள்வது எப்படி?

சட்டை உரித்து நாலு நாள் ஆகியிருந்தது. என் கார்ன் ஸ்னேக் தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் தாடையை வைத்துப் படுத்திருந்தது. மேலுதட்டின் இடது ஓரத்தில், நூல் கனத்தில், வெள்ளையாக ஒரு கோடு. உரிந்த சட்டையின் துணுக்கு ஒட்டியிருக்கிறது, தானாக விழுந்துவிடும் என்று விட்டுவிட்டேன். ஒன்பது நாள் கழித்தும் விழவில்லை. கோடு கொஞ்சம் மஞ்சளாகி, தடித்துப்போயிருந்தது. அன்று கொடுத்த எலியைக் கவ்விய பாம்பு உடனே விட்டுவிட்டுப் பின்வாங்கியது. மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் உதட்டை லேசாகத் தூக்கிக் காட்டினார். நான் இத்தனை நாளும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது வெறும் விளிம்பு. உள்ளே ஈறு நெடுகச் சிவந்து, பல் வரிசை மேல் திப்பி திப்பியாக ஏதோ படிந்திருந்தது.

"எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்டார். ஒன்பது நாள் என்றேன்.

"நீங்க பார்த்து ஒன்பது நாள்" என்று திருத்தினார்.

பாம்பு வளர்க்கும் எல்லோருக்கும் 'வாய் அழுகல்' என்ற பெயர் தெரிந்திருக்கும். மருத்துவர்கள் ஸ்டோமடைட்டிஸ் என்பார்கள். வாயின் உட்புறத் தோல் தொற்றால் புண்ணாகி வீங்குவது. 'அழுகல்' என்ற பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது. அழுகி நாறுகிற வாயை எதிர்பார்த்துக்கொண்டிருப்போம். ஆனால் அது கடைசிக் கட்டம். அதற்கு முந்தைய கட்டங்கள் எல்லாம் ஒரு சிவப்புப் புள்ளி, கொஞ்சம் கெட்டியான எச்சில், சரியாக மூடாத உதடு என்று சின்னச் சின்னதாகவே வந்துபோகும். பாம்பு முனகாது, வாயைத் தூக்கிக்கொண்டு நம்மிடம் வராது. நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

நல்ல வாய் எப்படி இருக்கும்?

நோயைத் தெரிந்துகொள்ளும் முன் நோயில்லாத வாயைக் கண்ணில் பதியவைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் பின்னால் "இது முன்பே இப்படித்தான் இருந்ததா?" என்று குழம்புகிறார்கள்.

பெரும்பாலான வளர்ப்புப் பாம்புகளின் வாய் உள்ளே வெளிறிய இளஞ்சிவப்பு நிறம். சிலவற்றில் சாம்பல் கலந்திருக்கும். சில இனங்களில் இயற்கையாகவே கருமை இருக்கும். எந்த நிறமானாலும் இடமும் வலமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். உட்புறம் ஈரமாக மினுங்கும், ஆனால் எச்சில் தேங்கி நிற்காது. வாய் திறக்கும்போது மேல்தாடைக்கும் கீழ்தாடைக்கும் நடுவே நூல் இழுக்காது.

மலைப்பாம்பு, போவா, கார்ன் ஸ்னேக் போன்ற நஞ்சில்லாப் பாம்புகளுக்கு மேலே நான்கு வரிசைப் பற்கள், கீழே இரண்டு வரிசை. எல்லாம் உள்நோக்கி வளைந்தவை. ஆனால் வாயைத் திறந்தவுடன் பல் பளிச்சென்று தெரியாது. ஈறின் மடிப்பு உறைபோல அவற்றை மூடியிருக்கும். கீழ்வாயின் நடுவில், நாக்கின் உறைக்குச் சற்று மேலே, சிறு பிளவுபோல ஒன்று திறந்து மூடும். அது மூச்சுக்குழலின் வாய். இரையை விழுங்கும்போது பாம்பு அதை முன்னே நீட்டிக்கொண்டு மூச்சுவிடும். முதன்முறை பார்ப்பவர்கள் இதை ஏதோ கட்டி என்று பயந்துவிடுவதுண்டு. பயப்பட வேண்டாம், அது அங்கேதான் இருக்க வேண்டும். அதைச் சுற்றி நுரையோ கோழையோ இல்லாமல் இருக்கிறதா என்பதைப் பாருங்கள்.

வாய் மூடியிருக்கும்போது இரண்டு உதடுகளும் ஒரே கோடாகப் பொருந்த வேண்டும். தினமும் தொட்டியைத் திறக்காமலே பார்க்கக்கூடியது இந்தக் கோடுதான். தண்ணீர் மாற்றும் நேரத்தில் இடம், வலம், முன்பக்கம் என்று மூன்று பார்வை போதும்.

உள்ளே பார்க்க வேண்டுமென்றால் பாம்பு தானாக வாய் திறக்கும் நேரம்தான் சிறந்தது. இரை விழுங்கியபின் தாடைகளைச் சரிசெய்துகொள்ள அது அகலமாகக் 'கொட்டாவி' விடும். அப்போது ஒரு டார்ச்சும் செல்போன் கேமராவும் கையில் இருந்தால் நல்ல படம் கிடைக்கும். வேறு நேரத்தில் உதட்டின் ஓரத்தை விரல் நுனியால் மெதுவாகக் கீழே தள்ளினால் ஈறின் வெளிவரிசை தெரியும். ஆரம்பநிலையாளர் அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கரண்டி, இடுக்கி, ஐஸ்கிரீம் குச்சி என்று எதையாவது நுழைத்து வாயைப் பிளக்கப் போனால் பல் உடையும், ஈறு கிழியும். இல்லாத தொற்றுக்கு நாமே வழி திறந்துவிட்டதாகும். இரை தின்று இரண்டு நாள்வரை தொடவே வேண்டாம், கக்கிவிடும். நஞ்சுள்ள பாம்பு என்றால் இந்தப் பத்தி உங்களுக்கில்லை. பயிற்சி பெற்றவர் மட்டுமே கைவைக்க வேண்டும்.

தொற்று எப்படிக் காட்டிக்கொடுக்கும்?

முதலில் வருவது பெரும்பாலும் புள்ளிகள். ஈறின் ஓரமாக, ஊசி குத்தி எடுத்ததுபோல, பொடிப்பொடியாகச் சிவப்பு. அந்த இடத்து நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிவதால் இவை தோன்றும். ஒரே ஒரு புள்ளி என்றால் இரையோடு மல்லுக்கட்டியதில் ஏற்பட்ட கீறலாக இருக்கலாம். இரண்டு மூன்று நாளில் மறைய வேண்டும். மறையாமல் பக்கத்தில் இன்னும் நாலு முளைத்தால் அது கீறல் இல்லை.

அடுத்து எச்சில் மாறும். நீர்போல இருந்தது பிசுபிசுக்கும், வாய் திறக்கும்போது கயிறுபோல நீளும், உதட்டின் மூலையில் உலர்ந்து பொருக்காக ஒட்டும். கண்ணாடிச் சுவரில் முகம் உரசிய இடங்களில் நத்தை ஊர்ந்த தடம்போலக் காய்ந்த கோடு தெரிந்தாலும் கவனியுங்கள். இதைப் பல பேர் அழுக்கு என்று துடைத்துவிடுவார்கள். நானும் துடைத்திருக்கிறேன்.

பிறகு வீக்கம். ஈறு தடிக்கும்போது உதடுகள் பொருந்தாது. ஒரு பக்கம் மட்டும் லேசாகத் தூக்கி, பாம்பு ஏளனமாகச் சிரிப்பதுபோல இருக்கும். கார்ன் ஸ்னேக் மாதிரிச் சிறிய தலையில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. மேலிருந்து ஒரு படம், நேர்முகமாக ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் இடது வலது வேறுபாடு சட்டென்று தெரிந்துவிடும்.

அதன் பிறகுதான் சீழ். இங்கே பாம்புக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு, அது தெரியாததால்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நமக்குச் சீழ் என்றால் ஒழுகும், பிதுக்கினால் வரும். பாலூட்டிகளின் வெள்ளணுக்களில் இருக்கும் நொதிகள் செத்த திசுவைக் கரைத்து நீராக்கிவிடுவதால் அப்படி. ஊர்வனவற்றின் வெள்ளணுக்களில் அந்தக் கரைக்கும் வேலை சரியாக நடப்பதில்லை. அதனால் பாம்பின் சீழ் கெட்டியாக, திரிந்த பாலின் திப்பிபோல, வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பல் வரிசையோடு ஒட்டிக்கிடக்கும். ஒழுகுகிற எதையோ எதிர்பார்க்கும் நம் கண்ணுக்கு இது ஏதோ தூசி, ஏதோ சட்டைத் துணுக்கு. என் பாம்பின் உதட்டோரத்தில் இருந்த வெள்ளைக் கோடும் இதுதான்.

இந்தத் திப்பியைச் சுரண்டி எடுக்கக் கை பரபரக்கும். வேண்டாம். அடியில் இருக்கும் திசு பச்சைப் புண். பிய்த்தால் ரத்தம் கொட்டும், கிருமிக்குக் கீழே எலும்புக்கு இறங்கப் பாதை கிடைக்கும். இன்னும் முற்றினால் பல் ஆடி விழும், தாடை எலும்பே வீங்கும், அப்போதுதான் அந்த நாற்றம்.

வாயைப் பார்க்காமலே சந்தேகம் வரவைக்கிற சில நடத்தைகளும் உண்டு. பாய்ந்து கவ்வி, அழுத்தம் பட்டதும் விட்டுவிடுவது அவற்றில் முக்கியமானது. பசியில்லாத பாம்பு பொதுவாக இரைமேல் பாயாது. பாய்ந்துவிட்டு விடுகிற பாம்புக்குப் பசி இருக்கிறது, வாயும் வலிக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். முகத்தை எதன் மேலாவது அடிக்கடி தேய்ப்பது, தின்னாத நேரத்தில் திரும்பத் திரும்பக் கொட்டாவி விடுவது, தலையில் கைபட்டால் முன்பு இல்லாத பதற்றம் காட்டுவது எல்லாம் இதோடு சேர்ந்தவை.

கண்ணும் மூச்சும்

தொற்று வாயிலேயே நின்றுவிடும் என்று நினைக்கக் கூடாது. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணின் மேல் கண்ணாடி மூடிபோல ஒரு செதில் இருக்கிறது. அதற்கும் கண்ணுக்கும் இடையில் ஊறும் நீர், மெல்லிய ஒரு குழாய் வழியாக வாயின் மேற்கூரையில் வந்து வடிகிறது. வாயில் கிருமி பெருகினால் அதே குழாய் வழியே மேலே ஏறும், அல்லது வீக்கத்தால் குழாய் அடைபடும். விளைவு, ஒரு கண் மட்டும் புடைத்து மங்கலாகும். சட்டை உரிக்கும் முன் கண் நீலம் பாய்ந்து மங்குவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது இரண்டு கண்ணிலும் சேர்ந்து வரும், உரிப்பதற்குள் தெளிந்துவிடும், புடைக்காது. ஒற்றைக் கண் மங்கி, புடைத்தும் இருந்தால் வாயைத்தான் முதலில் பாருங்கள்.

மூச்சுப் பாதை இன்னும் பக்கம். பாம்புக்கு உதரவிதானம் இல்லை. நம்மைப்போல இருமிக் கோழையை வெளியே தள்ள அதனால் முடியாது. வாயில் தேங்கும் கெட்டி எச்சிலும் திப்பியும் மூச்சுக்குழலுக்குள் போனால் நிமோனியாவில் முடியும். வாயைத் திறந்தே மூச்சுவிடுவது, மூக்கிலோ மூச்சுக்குழல் வாயிலோ குமிழி, விசில்போல ஒலி, தலையை மேல்நோக்கித் தூக்கியபடியே கிடப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மறுநாளுக்குத் தள்ளிப்போடும் விஷயம் அல்ல.

தொற்றுபோலத் தெரிந்து, தொற்று இல்லாதவை

எல்லாவற்றுக்கும் பதறவும் தேவையில்லை. உதட்டில் மரத்தூள் ஒட்டும், எலியின் முடி ஒட்டும், நிஜமாகவே சட்டைத் துணுக்கும் ஒட்டும். உதட்டின் வெளிப்புறத்தில் மட்டும், சுத்தமான வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஒருமுறை ஒற்றிப் பாருங்கள். வந்துவிட்டால் அழுக்கு. வரவில்லையென்றால் தேய்க்காமல் படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்புங்கள். ஒற்றைப் பல் தொங்கினாலும் அதுமட்டுமே நோய் இல்லை. பாம்புகளுக்கு வாழ்நாள் முழுக்கப் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும். இரை தின்றபின் லேசான ரத்தக்கறை பெரும்பாலும் இரையினுடையது. தண்ணீர் குடித்தவுடன் தெரியும் ஓரிரு குமிழிக்கும் பயப்பட வேண்டாம்.

சாப்பிடாததை வைத்து மட்டும் முடிவு கட்டுவதும் தவறு. சட்டை உரிக்கும் காலத்தில் பல பாம்புகள் இரையைத் தொடாது. பால் பைத்தான் (ball python என்ற சிறிய மலைப்பாம்பு) நல்ல ஆரோக்கியத்தோடு மாதக்கணக்கில் பட்டினி கிடந்து நம்மைத் தூங்கவிடாமல் செய்யும். கிராம் காட்டும் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வைத்தால் இந்தக் குழப்பம் பாதி தீரும். எடை நிலையாக, வாய் சுத்தமாக இருந்தால் காத்திருக்கலாம். எடை இறங்கிக்கொண்டே போனால் காத்திருக்கக் கூடாது.

ஏன் வருகிறது?

சூடோமோனாஸ், ஏரோமோனாஸ், க்ளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள்தான் இந்தத் தொற்றில் அடிக்கடி கிடைப்பவை. ஆனால் இவற்றில் பல, ஆரோக்கியமான பாம்பின் வாயிலும் தொட்டியிலும் எப்போதும் இருப்பவைதான். அப்படியானால் நேற்றுவரை சும்மா இருந்த கிருமி இன்று ஏன் வேலையைக் காட்டுகிறது? என் அனுபவத்தில் பதில் பெரும்பாலும் தொட்டியில்தான் இருக்கிறது.

முதல் சந்தேகம் வெப்பத்தின் மேல். பாம்பின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. நோய் எதிர்ப்பு வேலையும் அந்த வெப்பத்தைப் பொறுத்தே நடக்கிறது. பால் பைத்தானுக்கு வெதுவெதுப்பான பக்கம் சுமார் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 வேண்டும். கார்ன் ஸ்னேக்குக்கு வெதுவெதுப்பான பக்கம் 29 முதல் 31. இதிலிருந்து சில டிகிரி இறங்கி வாரக்கணக்கில் கிடந்தால் பாம்பு சாகாது, தின்னவும் தின்னும், ஆனால் உள்ளே காவல் தளர்ந்துவிடும். என் வீட்டில் நடந்ததும் அதுதான். தெர்மோஸ்டாட்டின் சென்சார் இடம் நழுவி, தொட்டியைச் சூடாக்கும் ஹீட் மேட்டின் மேலேயே ஒட்டிக்கிடந்தது. திரையில் 30 என்று காட்டியது; பாம்பு படுத்திருந்த இடத்தில் தனி வெப்பமானி வைத்துப் பார்த்தபோது 24.

அடுத்தது காயம். தப்பிக்கும் எண்ணத்தில் கம்பிவலை மூடியில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்து உதடு புண்ணாகும். இரையை நீட்டும் இடுக்கியில் பல் மோதும். உயிருள்ள எலி திருப்பிக் கடிக்கும். அழுக்குத் தண்ணீர், ஈரம் தேங்கி நாறும் தரை, ஒரே தொட்டியில் இரண்டு பாம்பு, அடிக்கடி கையில் எடுத்து அலைக்கழிப்பது என்று மற்றவை. பாம்பின் ரத்தம் குடிக்கும் சிறு உண்ணிகளையும் மறக்கக் கூடாது. தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் தூவியதுபோல அவை கிடந்தால் பாம்பு ஏற்கெனவே பலவீனப்பட்டுக்கொண்டிருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தும் வாய்த்தொற்று திரும்பத் திரும்ப வந்தால், பின்னால் வைரஸ் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மலைப்பாம்பு இனங்களில் நிடோவைரஸ் வகை ஒன்று உண்டு. 2014-ல் பால் பைத்தான்களில் இது விவரிக்கப்பட்டது. வாய் சிவந்து, கோழை மிகுந்து, மூச்சுத் திணறலில் போய் நிற்கும். போவாக்களையும் மலைப்பாம்புகளையும் தாக்கும் ஐபிடி (Inclusion Body Disease) என்ற வைரஸ் நோயும் எதிர்ப்புச் சக்தியைக் குலைத்து வாய்த்தொற்றுக்கு இடம் கொடுக்கும். இவற்றை வெறும் கண்ணால் பிரித்தறிய முடியாது, பரிசோதனைதான் சொல்லும். வீட்டில் வேறு பாம்புகள் இருந்தால் அந்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்.

சந்தேகம் வந்தால்

ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரைத் தேடுங்கள். நாய், பூனை மட்டும் பார்த்துப் பழகியவருக்கு இது புதிதாக இருக்கலாம். போகும்வரை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வெப்பத்தை அந்த இனத்துக்குரிய வரம்பின் மேல்பக்கத்தில், வரம்பைத் தாண்டாமல் வையுங்கள். தரையில் மரத்தூளை எடுத்துவிட்டு வெள்ளைக் காகிதம் விரியுங்கள். எச்சிலும் ரத்தமும் விழுந்தால் தெரியும். நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். இரை கொடுக்காதீர்கள். உடம்பில் சதைப்பிடிப்புள்ள வளர்ந்த பாம்பு சில வாரம் தின்னாமல் தாங்கும், ஆனால் புண்ணான வாயில் எலியின் எலும்பும் நகமும் உரசுவதைத் தாங்காது. வேறு பாம்புகள் இருந்தால் இதைத் தனி அறைக்கு மாற்றி, மற்றவற்றைக் கவனித்த பிறகு கடைசியாக இதனிடம் போங்கள். இடுக்கி, கிண்ணம் எல்லாம் தனி. ஆரோக்கியமான பாம்பின் உடலில்கூட சால்மொனெல்லா இருக்கலாம் என்பதால், தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவது எப்போதுமே உள்ள விதி.

வாயில் எதையாவது ஊற்றும் கை வைத்தியம் வேண்டவே வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்து வரும்போது ஏதோ வேலை நடப்பதுபோலத் தோன்றும். நல்ல திசுவையும் சேர்த்தே அது அரிக்கும். நீர்த்த பொவிடோன் அயோடினோ க்ளோர்ஹெக்ஸிடினோ மருத்துவர் சொன்ன அளவில், அவர் காட்டிக்கொடுத்த முறையில் மட்டும் போடலாம். அப்போதும் பாம்பின் தலை கொஞ்சம் கீழ்நோக்கி இருக்க வேண்டும், மருந்து மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடக் கூடாது. வீட்டில் மிச்சமிருக்கும் மனித ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை என்று நினைத்தேன். செய்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

மருத்துவர் தேவைப்பட்டால் மயக்கம் கொடுத்துத் திப்பியை அகற்றுவார், ஆழத்திலிருந்து மாதிரி எடுத்து எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சோதிக்க அனுப்புவார். தாடை வீங்கியிருந்தால் எக்ஸ்ரே. ஊசி மருந்தாகச் செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாடிக் பரவலாகப் பயன்படுகிறது. பாம்பின் உடலிலிருந்து அது மெதுவாகவே வெளியேறுவதால் பொதுவாக மூன்று நாளுக்கு ஒருமுறை போட்டால் போதும். உடலின் முன்பாதியில்தான் போடுவார்கள். பின்பாதியின் ரத்தம் சிறுநீரகம் வழியாகப் போகும் அமைப்பு பாம்புகளுக்கு உண்டு; அங்கே போட்ட மருந்து உடலெங்கும் பரவும் முன் வெளியேறிவிடலாம் என்ற கவலைதான் அந்த வழக்கத்தின் பின்னணி. வீட்டில் நீங்களே போடவேண்டி வந்தால் எந்த இடம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சிகிச்சை வாரக்கணக்கில் போகும். எலும்பு பாதித்திருந்தால் இன்னும் நீளும்.

இரண்டு ஊசியிலேயே சிவப்பு வடிந்து, பாம்பு நாக்கை நீட்டிக்கொண்டு தொட்டி முழுக்கச் சுற்றத் தொடங்கும். ஊசியை நிறுத்திவிடலாமா என்ற எண்ணம் வருவது அப்போதுதான். என் பாம்புக்கு ஏழு ஊசி. ஐந்தாவதுக்கே வெளியில் ஒன்றும் தெரியவில்லை. ஆறாவதுக்குப் போனபோது மருத்துவர் உதட்டைத் தூக்கினார், உள்வரிசையில் பின்பக்கம் ஒரு சின்ன மஞ்சள் புள்ளி மிச்சம் இருந்தது. ஏழாவது முடிந்து மேலும் இரண்டு வாரம் பொறுத்து, வழக்கத்தைவிடப் பாதி அளவில், உறையவைத்து இளக்கிய எலிக்குஞ்சு ஒன்றைக் கொடுத்தேன். கவ்வியது, விடவில்லை. விழுங்கி முடித்துக் கொட்டாவி விட்டபோது டார்ச்சைத் தயாராக வைத்திருந்தேன். இடது பக்கம் இரண்டு பல் இல்லை. அந்த இடத்தில் ஈறு வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்தது.